கன்ட்ரி இசைக்கு நூறு வயது என்கிறார்கள். யாரிடமிருந்து எண்ணுவது?

ரயில்பூச்சி:

2027 ஜூலை-ஆகஸ்டில், அமெரிக்காவின் பிரிஸ்டல் ஊரில் நடந்த பாட்டுப் பதிவுகளுக்கு நூறு வயது ஆகிறது. அமெரிக்கத் தெற்கின் கிராமத்துப் பாட்டிலிருந்து வந்த கன்ட்ரி இசை பிறந்த ஊர் இதுதான் என்று அமெரிக்க நாடாளுமன்றமே 1998-ல் தீர்மானம் போட்டுவிட்டது. 2014-ல் அருங்காட்சியகமும் திறந்துவிட்டார்கள். நம் இணைய மன்றத்தில் ராஜாவுக்கு இழை இருக்கிறது, ஜாஸுக்கு இருக்கிறது, கஜலுக்குக்கூட இருக்கிறது. இதற்கு மட்டும் இல்லையே என்று தொடங்குகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காக: பிரிஸ்டலின் பெரிய கடைத்தெரு ஸ்டேட் ஸ்ட்ரீட். தெருவுக்கு ஒரு பக்கம் விர்ஜினியா மாநிலம், எதிர்ப்பக்கம் டென்னஸி. 1927 ஜூலையில் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பாடகர்களைத் தேடிப் பதியும் ரால்ஃப் பியர் அங்கே வந்து இறங்கினார். டென்னஸி பக்கம் காலியாகக் கிடந்த ஒரு தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில், எதிரொலி வராமலிருக்கச் சுற்றிலும் போர்வைகளைத் தொங்கவிட்டு, ஒலிப்பதிவுக் கூடம் போட்டார். ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை 19 குழுக்கள், 76 பதிவுகள். ஒரு பாட்டுக்கு 50 டாலர். ஏற்கெனவே பதிவு செய்துகொண்டிருந்த எர்னஸ்ட் ஸ்டோன்மேன் முந்தைய வருடம் 3,600 டாலர் சம்பாதித்தார் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்ததும், மலைக் கிராமங்களிலிருந்து ஃபிடிலும் பாஞ்சோவுமாக ஆட்கள் கிளம்பி வந்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி கார்ட்டர் குடும்பம் வந்தது. ஏ.பி. கார்ட்டர், மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல். தம்பியின் காரை இரவல் வாங்கி வந்தார்கள். அதற்குப் பதிலாகத் தம்பியின் சோளக்கொல்லையில் களை எடுத்துத் தருவதாக ஏ.பி. ஒப்புக்கொண்டார் என்று சொல்வார்கள். மேபெலுக்கு அப்போது 18 வயது, வயிற்றில் ஏழு மாதம் தாண்டிய பிள்ளை. மூன்று நாள் கழித்து ஜிம்மி ராட்ஜர்ஸ். கூட வந்த குழுவோடு சண்டை போட்டுக்கொண்டு தனியாகப் பாடி, இரண்டே பாட்டுப் பதிந்துவிட்டுப் போனார். பின்னால் வந்த கன்ட்ரி பாடகர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த இரண்டு வழிகளில் ஒன்றுதான் மூலம். கூடி உட்கார்ந்து பாடும் வீட்டுப் பாட்டு ஒன்று, ஊர் சுற்றியின் தனிப் பாட்டு இன்னொன்று.

யாராவது இதையெல்லாம் கேட்பவர்கள் இருக்கிறீர்களா?

லோகோஷெட்:

இருக்கிறேன் அண்ணே! பெரம்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவன். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலிருந்து கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ் குரல் கேட்காத தெரு கிடையாது. கன்ட்ரியின் தலைநகரான நாஷ்வில் எங்கே இருக்கிறது என்று தெரியாமலே அந்தக் குரல் மனப்பாடம்.

ஜிம்மி ராட்ஜர்ஸ் ரயில்வே ஆள் என்பதை விட்டுவிட்டீர்களே! பிரேக்மேன் வேலை. அப்பா தண்டவாளக் கூட்டத்துக்கு ஃபோர்மேன். மிசிசிப்பியில் மெரிடியன் என்ற ரயில் ஊரில் சின்னப் பையனாக அந்தக் கூட்டத்துக்குத் தண்ணீர் சுமந்திருக்கிறார். தண்டவாளத்தைக் கடப்பாரையால் நெம்பி நேராக்குகிறவர்கள் பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் நெம்ப வேண்டும் என்பதால் பாடிக்கொண்டேதான் செய்வார்கள். ராட்ஜர்ஸ் பாடிய ப்ளூஸ், அதாவது கறுப்பினத்தவரின் சோகப் பாட்டு, அங்கிருந்து வந்தது. காசநோய் வந்து ரயில் வேலையை விட்டார். 1933-ல் நியூயார்க்கில் கடைசிப் பதிவு. ஸ்டுடியோவில் கட்டில் போட்டு, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் படுத்துப் படுத்து எழுந்து பாடினார். முடிந்த இரண்டாம் நாள் போய்விட்டார். 35 வயது.

நெய்தல்:

இழையைக் கெடுக்க வரவில்லை, ஆனால் ஒருவராவது கேட்க வேண்டும். பிக்கப் டிரக், பீர், கொடி, துப்பாக்கி. இன்றைய கன்ட்ரி ரேடியோவில் இவ்வளவுதான் இருக்கிறது. ஈராக் போருக்கு முன் 2003-ல் லண்டன் மேடையில் ஒரு பெண்கள் குழு தங்கள் ஜனாதிபதியைக் குறை சொல்லி ஒரே ஒரு வாக்கியம் பேசியதற்காக, நூற்றுக்கணக்கான நிலையங்கள் அவர்கள் பாட்டையே நிறுத்தின. ரசிகர்கள் சிடிக்களைக் கொண்டுவந்து கொட்டி நசுக்கினார்கள். வெள்ளைக்காரக் கிராமத்தின் பெருமைப் பாட்டை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? "பாரம்பரியம்" என்ற சொல் காதில் விழுந்தாலே யாரை வெளியே நிறுத்துகிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கத் தோன்றுகிறது.

மூன்றுவிரல்:

நெய்தல், கேட்டது நியாயமான கேள்வி. வாசிப்பவன் என்ற முறையில் வாத்தியப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

மேடையில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாஞ்சோ மேற்கு ஆப்பிரிக்கச் சுரைக்குடுவை வாத்தியங்களின் வழி வந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கரீபியனிலும் அமெரிக்காவிலும் செய்து வாசித்தது. வெள்ளைக்காரர்கள் அதைக் கையில் எடுத்ததே 19-ஆம் நூற்றாண்டில்தான். ஸ்டீல் கிட்டார் ஹவாய். மடியில் படுக்கவைத்து உலோகத்துண்டால் இழுக்கும் அந்த வாசிப்பு 1915 சான் ஃபிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்கப் பித்தாகப் பரவியது. அதே ஹவாய் அலை கல்கத்தா வரை வந்து, கடைசியில் விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணையாக நிற்கிறது. மேண்டலின் இத்தாலி. யோடலிங் ஆல்ப்ஸ் மலை. நம் சந்திரபாபு தொண்டையை உடைத்து உடைத்துப் பாடுவாரே, அதே வித்தைதான். ஃபிடிலும் கதைப்பாட்டும் மட்டும்தான் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து வழி.

அப்புறம், ரயில்பூச்சி சொன்ன கார்ட்டர் குடும்பக் கதையில் ஒருவர் விட்டுப்போயிற்று. லெஸ்லி ரிடில். டென்னஸியில் கிங்ஸ்போர்ட் ஊர்க்காரர், கறுப்பினத்தவர். இளவயதில் சிமென்ட் ஆலை விபத்தில் வலதுகால் முழங்காலோடு போயிற்று. படுத்திருந்த நாட்களில் கிட்டார் பழகினார். ஏ.பி. கார்ட்டர் பாட்டுத் தேடி மலை மலையாக அலைந்தபோது இவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார். வரிகளை ஏ.பி. எழுதிக்கொள்வார், மெட்டு ரிடிலின் தலைக்குள் ஏறிவிடும். வீட்டுக்கு வந்து வாசித்துக் காட்டினால் மேபெலும் சாராவும் பிடித்துக்கொள்வார்கள். மேபெல் தன் கிட்டார் பழக்கத்தில் ஒரு பகுதியை ரிடிலைப் பார்த்துக் கற்றவர். கட்டைவிரலால் தடித்த கம்பிகளில் மெட்டு, மற்ற விரலால் மேல்கம்பிகளில் தாளம் என்ற மேபெல் பாணியைக் கற்காமல் கன்ட்ரியில் யாரும் கிட்டார் பிடித்துவிட முடியாது.

ஏன் அப்படிப் பாட்டுத் தேடி அலைய வேண்டியிருந்தது? அங்கேதான் பியரின் கணக்கு இருக்கிறது. அவருக்கு வருமானம் பதிப்புரிமையில். ஏற்கெனவே வேறு யார் பேரிலாவது பதிவான பாட்டால் அவருக்குப் பயனில்லை. யாரும் உரிமை கொண்டாடாத பழைய பாட்டைக் கொஞ்சம் மாற்றி "ஏ.பி. கார்ட்டர்" என்று பேர் போட்டால் பதிப்புரிமை வரும். அதனால் தேவாலயத்திலும் திண்ணையிலும் கிடந்த பாட்டெல்லாம் ஒரே ஆளின் சொத்தாயிற்று. ரிடிலின் பேர் எந்த இசைத்தட்டிலும் இல்லை, பணமும் இல்லை. அறுபதுகளில் நாட்டுப்புற இசைக்கலைஞர் மைக் சீகர் தேடிக் கண்டுபிடித்துப் பதிவு செய்யும் வரை அவரை வெளியுலகம் அறியாது.

நெய்தல்:

சரி, இதைச் சொல்லித்தானே ஆக வேண்டும். இதைச் சொல்லாமல் "பிறந்த ஊர்" என்று வளைவு கட்டினால் எப்படி?

ரயில்பூச்சி:

வளைவு ஊர்க்காரர்கள் கட்டியது, நான் இல்லை! ஆனால் நீங்கள் சொன்ன "வெள்ளைக்காரக் கிராமத்தின் பாட்டு" என்பதை அப்படியே ஏற்க மாட்டேன். அது விற்பனைப் பட்டியல் செய்த வேலை. இருபதுகளில் இசைத்தட்டுக் கம்பெனிகள் தெற்கத்திப் பாட்டை இரண்டு பட்டியலாகப் பிரித்தன. கறுப்பர்கள் பாடினால் "ரேஸ்", வெள்ளையர்கள் பாடினால் "ஹில்பில்லி" அல்லது "பழைய ராகங்கள்". அடுத்தடுத்த வீட்டில் இருந்து, ஒரே ஃபிடிலை இரவல் வாங்கி வாசித்தவர்கள் தனித்தனித் தாள்களில் அச்சானார்கள். கறுப்பின ஃபிடில்காரர் வந்து நின்றால் "எங்களுக்கு ப்ளூஸ் வாசி" என்பார்கள். அப்படி எத்தனை பேர் பதிவாகாமலே போனார்களோ. பியரே 1923-ல் அட்லான்டாவில் ஃபிடில் ஜான் கார்சனைப் பதிந்து ஹில்பில்லி பட்டியலைத் தொடங்கி வைத்தவர். அதற்கு முன்பே 1920-ல் கறுப்பினப் பாடகி மாமி ஸ்மித் பதிவுகளில் வேலை பார்த்து ரேஸ் பட்டியலிலும் கை வைத்தவர். நூறு வருடத்துக்கு முன் ஒரு வியாபாரி போட்ட கோட்டை நாம் இசையின் எல்லை என்று எடுத்துக்கொள்கிறோம்.

டிஃபோர்ட் பெய்லி கதை இதைவிட நன்றாகச் சொல்லும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாஷ்வில்லில் டபிள்யூ.எஸ்.எம். என்ற வானொலி. நடத்தியது ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி. 1925 நவம்பர் 28 இரவு ஜார்ஜ் ஹே என்ற அறிவிப்பாளர், 77 வயது ஃபிடில்காரர் ஜிம்மி தாம்ப்சன் தாத்தாவை மைக் முன் உட்காரவைத்தார். அதுதான் இன்றும் சனிக்கிழமை தவறாமல் நடக்கும் கிராண்ட் ஓல் ஓப்ரி நிகழ்ச்சி. முதலில் அதற்கு "பார்ன் டான்ஸ்" என்றுதான் பேர்.

பேர் மாறியது 1927 டிசம்பரில். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் வலைவரிசையில் மேல்தட்டுச் செவ்வியல் இசை ஓடிக்கொண்டிருந்தது. அதை நடத்திய வால்டர் டாம்ரோஷ், செவ்வியல் இசையில் எதார்த்தத்துக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு, விதிவிலக்காக ரயில் ஓசையைச் சித்திரிக்கும் ஒரு படைப்பைப் போட்டார். நம் நேரம் வந்ததும் ஹே சிரித்துக்கொண்டே, அடுத்த மூன்று மணி நேரம் எதார்த்தம் மட்டும்தான் என்று அறிவித்து டிஃபோர்ட் பெய்லியை அழைத்தார். பெய்லி மவுத் ஆர்கனில் பான் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ரயிலை ஓட்டிக் காட்டினார். தண்டவாளத் தடதடப்பு, விசில், தூரத்தில் தேய்வது எல்லாம் ஒரு சின்ன மவுத் ஆர்கனுக்குள். அது முடிந்ததும்தான் ஹே "இதுவரை கேட்டது கிராண்ட் ஓப்ரா, இனி கிராண்ட் ஓல் ஓப்ரி" என்ற பொருளில், ஓப்ராவைக் கிராமத்து உச்சரிப்பில் கேலியாகச் சொன்னார். கன்ட்ரி இசையின் கோயில் என்று சொல்லப்படும் இடத்துக்குப் பேர் வைத்த நிமிடத்தில் மைக் முன்னால் நின்றவர் ஒரு கறுப்பினக் கலைஞர்.

குழந்தையில் போலியோ வந்து, ஐந்தடிக்கும் குறைவான உயரத்தோடு வளர்ந்தவர் அவர். ஓப்ரியில் அவருக்கு நல்ல வரவேற்பு. வெளியூர்க் கச்சேரிக்குப் போனால் கூட வாசித்தவர்கள் தங்கும் விடுதியில் அவருக்கு அறை கிடையாது, சாப்பாட்டுக் கடையில் இடம் கிடையாது. 1941-ல் பதிப்புரிமை அமைப்புகளுக்கு இடையே சண்டை வந்து, அவருடைய புகழ்பெற்ற உருப்படிகளை வானொலியில் வாசிக்க முடியாமல் போனது. புதிது கற்கவில்லை என்று காரணம் சொல்லி வேலையை விட்டு நீக்கினார்கள். மிச்ச வாழ்க்கையில் நாஷ்வில்லில் ஷூ பாலிஷ் கடை நடத்தினார். 1982-ல் இறந்தார். ஹால் ஆஃப் ஃபேம் என்ற கன்ட்ரி கௌரவப் பட்டியலில் சேர்த்தது 2005-ல். நிகழ்ச்சியைக் கட்டியவர்களில் ஒருவருக்கு இறந்து 23 வருடம் கழித்து மரியாதை.

லோகோஷெட்:

அந்த ரயில் விஷயம் ஒன்று. 1933 முதல் அதே வானொலி, தன் கோபுரத்துக்குப் பக்கத்தில் போகும் தண்டவாளத்தோரம் மைக் வைத்து, பான் அமெரிக்கன் கடந்து போகும் சத்தத்தைத் தினமும் நேரடியாக ஒலிபரப்பியது. ரயில் லேட்டா என்பது ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். டிரைவருக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்!

யாழ்வானொலி:

வணக்கம் பிள்ளைகள். யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன். எங்கள் காலத்தில் இலங்கை வானொலியின் ஆங்கில சேவையில்தான் இதெல்லாம் காதில் விழுந்தது. ஜிம் ரீவ்ஸ் எங்கள் பக்கமும் வீட்டுப் பிள்ளை மாதிரி. 1964-ல் விமான விபத்தில் இறந்தவர். அதற்குப் பிறகும் வருடக்கணக்காக அவருடைய புதுப்பாட்டு வந்துகொண்டே இருந்ததால், ஆள் இல்லை என்பதை எங்களில் பலர் வெகுநாள் நம்பவில்லை.

வானொலி இல்லாவிட்டால் இந்த இசை மலையை விட்டு இறங்கியே இருக்காது தம்பி. 1938-ல் கார்ட்டர் குடும்பத்தை டெக்சஸ் எல்லைக்கு அழைத்துப்போனவர் யார் தெரியுமா? ஆண்மைக் குறைவுக்கு ஆட்டுக்கிடாயின் விதையை வைத்துத் தைப்பதாகச் சொல்லிப் பணம் பறித்த ஜான் பிரிங்க்லி என்ற "டொக்டர்". அமெரிக்கா உரிமத்தைப் பறித்ததும் ஆற்றைக் கடந்து மெக்சிகோவில் எக்ஸ்.ஈ.ஆர்.ஏ. என்ற நிலையம் வைத்தார். 500 கிலோவாட்! அமெரிக்க நிலையங்களுக்கு உச்சவரம்பே 50 தான். அந்த மோசடிக்காரருடைய மருந்து விளம்பரங்களுக்கு நடுவில் மேபெலின் கிட்டார் கனடா வரைக்கும் கேட்டது. ஆர்கன்சாவில் பருத்திக் காட்டுக் குடும்பத்துப் பையன் ஒருவனும் கேட்டுக்கொண்டிருந்தான், ஜோனி காஷ். பின்னாளில் பெரிய கன்ட்ரி பாடகனாகி, மேபெலுக்கு மருமகனும் ஆனான்.

இன்னொன்று. 1950-இல் ஹியூ ட்ரேசி என்பவர் கென்யாவில் கிப்சிகிஸ் மக்களின் பாட்டைப் பதியப் போனார். இளம்பெண்கள் "செமிரோச்சா" என்றொருவரைப் பாடினார்கள். பாதி மனிதன், பாதி மான். பார்த்தால் நம்முடைய ஜிம்மி ராட்ஜர்ஸ்! கிராமபோன் தட்டில் கேட்ட குரலை அவர்கள் தங்கள் கூட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். பாடியவர் எந்த நிறம் என்றெல்லாம் அந்தப் பிள்ளைகள் கேட்கவில்லை.

கயல்:

அருமை ஐயா. ஆனால் இழை முழுக்க ஆண்களாக இருக்கிறார்களே, சாரா, மேபெல் தவிர.

எனக்கு கன்ட்ரி என்றால் லொரெட்டா லின். கென்டக்கியில் புட்ச்சர் ஹாலோ என்ற நிலக்கரிச் சுரங்கக் குக்கிராமம். பதினைந்து வயதில் கல்யாணம், இருபதுக்குள் நான்கு பிள்ளைகள். 1975-ல் கருத்தடை மாத்திரை பற்றிப் பாட்டு வெளியிட்டார். கணவனைப் பார்த்து, வருஷா வருஷம் பிள்ளை பெற்றுத் தந்தது போதும், இனி அந்தக் கதை நடக்காது என்று நக்கலாகச் சொல்லும் பெண். ஏராளமான நிலையங்கள் தடை செய்தன. போதகர்கள் மேடையேறித் திட்டினார்கள். பாட்டு ஓடத்தான் செய்தது. பெரிய நகரத்துப் பெண்ணியக் கட்டுரைகள் போய்ச் சேராத சமையலறைகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. பீர், டிரக், கொடி என்று நெய்தல் போட்ட பட்டியலில் இதை எங்கே வைப்பது?

பாடகி டாலி பார்ட்டனைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவர், பிரசவம் பார்த்த டாக்டருக்கு அப்பா ஒரு மூட்டை மக்காச்சோள மாவு கொடுத்தார். நான் சொல்ல வருவது அவருடைய வியாபார மூளையை. அவர் எழுதிய பாட்டைப் பாட எல்விஸ் தயார்; ஆனால் பதிப்புரிமையில் பாதி வேண்டும் என்றார்கள் அவர் தரப்பில். டாலி இரவெல்லாம் அழுதுவிட்டு முடியாது என்று சொல்லிவிட்டார். 1992-ல் அதே பாட்டை விட்னி ஹூஸ்டன் பாடியபோது பணம் கொட்டியது. மேலே மூன்றுவிரல் சொன்ன பியர் கணக்கை முழுசாகப் புரிந்துகொண்ட மலைக்காட்டுப் பெண் அவர். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதற்காக 1995-ல் குழந்தைகளுக்கு இலவசப் புத்தகம் அனுப்பும் திட்டம் தொடங்கினார். இதுவரை 20 கோடிக்கு மேல் புத்தகங்கள் போயிருக்கின்றன.

ரேடியோ மட்டும் திருந்தவில்லை. 2015-ல்கூட ஓர் ஆலோசகர், பெண் பாடகிகள் சாலடில் தக்காளி மாதிரி, அளவாகப் போடுங்கள் என்று நிலையங்களுக்கு யோசனை சொன்னார். அதனால் நெய்தல் கோபத்தில் எனக்குப் பாதிப் பங்கு உண்டு.

நெய்தல்:

கயல், பங்குக்கு நன்றி 🙂 செமிரோச்சாவைத் தேடிக் கேட்டேன், நேற்றிலிருந்து மண்டையை விட்டுப் போகவில்லை.

ஆனாலும் என் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. அறுபதுகளில் கறுப்பினப் பாடகர் சார்லி பிரைடின் முதல் தட்டுகளை நிலையங்களுக்கு அனுப்பும்போது கம்பெனி அவர் படத்தை வைக்கவில்லை. குரல் பிடித்த பிறகு நிறம் தெரியட்டும் என்ற தந்திரம். 1971-ல் அவருக்கே ஆண்டின் சிறந்த கலைஞர் விருது கிடைத்தது. சரி, மாறிவிட்டது என்று நினைத்தால், 2019-ல் கறுப்பினப் பாடகர் லில் நாஸ் எக்ஸ் பாட்டை "போதுமான கன்ட்ரி அம்சம் இல்லை" என்று பில்போர்ட் பத்திரிகை தன் கன்ட்ரி பட்டியலிலிருந்து எடுக்கிறது. 2024-ல் பியான்சே அந்தப் பட்டியலில் முதலிடம் வந்தபோது, அப்படி வந்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான். பாட்டின் தொடக்கத்தில் பாஞ்சோ வாசித்தது ரியானன் கிடன்ஸ். பட்டியல் தொடங்கி எண்பது வருடம் ஆன பிறகு பாஞ்சோவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர வேண்டியிருக்கிறது. இசை கலப்புதான், ஒப்புக்கொள்கிறேன். வாசலில் நிற்கும் ஆள் மாறவில்லை.

ரயில்பூச்சி:

வாசல் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. நாஷ்வில் ஒரு தொழிற்பேட்டை. அதைக் கொண்டாடச் சொல்லவும் இல்லை.

நான் கொண்டாடுவது வேறு இடங்களை. விர்ஜினியாவில் மேசஸ் ஸ்பிரிங் என்ற ஊரில் ஏ.பி. கார்ட்டர் வைத்திருந்த மளிகைக் கடையில், 1974-ல் அவர் மகள் ஜானெட் சனிக்கிழமைக் கச்சேரி தொடங்கினார். பிறகு கடைக்குப் பக்கத்திலேயே மரக்கொட்டகை கட்டினார்கள். சாராயம் கிடையாது, மின்சார வாத்தியமும் கிடையாது. ஜானி காஷுக்கு மட்டும் விதிவிலக்கு. அவரும் தன் கடைசிக் கச்சேரியை 2003 ஜூலையில் அங்கேதான் பாடினார். அதே விர்ஜினியாவில் கேலக்ஸ் என்ற ஊரில் 1935 முதல் ஃபிடில்காரர் கூட்டம் நடக்கிறது. மேடைப் போட்டியைவிட, வண்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு விடிய விடிய வாசிப்பதுதான் அங்கே விசேஷம். 2005-ல் வட கரோலினாவின் பூன் ஊரில் கறுப்பின பாஞ்சோ கலைஞர்கள் கூடினார்கள். அங்கே சந்தித்த இளைஞர்கள்தான், எண்பது தாண்டிய ஃபிடில்காரர் ஜோ தாம்ப்சன் வீட்டுத் திண்ணைக்குப் போய் உட்கார்ந்து கற்று, கரோலினா சாக்லெட் டிராப்ஸ் ஆனார்கள். நீங்கள் சொன்ன ரியானன் கிடன்ஸ் அதில் ஒருவர். ஜோவின் குடும்பத்தில் அந்த ஃபிடில் தலைமுறை தலைமுறையாக வந்தது. எந்தப் பட்டியலிலும் ஏறாமல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பாரம்பரியம் என்று இதைச் சொன்னால் உங்களுக்கு ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

நெய்தல்:

ஜோ தாம்ப்சனுக்கு ஆட்சேபம் இல்லை.

புதுவரவு:

வணக்கம். இதுவரை ஒரு கன்ட்ரி பாட்டும் கேட்டதில்லை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? இங்கிலீஷ் உச்சரிப்பு புரியுமா என்று பயமாக இருக்கிறது.

மூன்றுவிரல்:

உச்சரிப்புக்குப் பயப்பட வேண்டாம், வரிகள் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. முதலில் டிஃபோர்ட் பெய்லியின் ரயில், வரியே இல்லாதது. அப்புறம் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930-ல் கறுப்பின ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட்டோடு பதிந்த ஒன்பதாம் "ப்ளூ யோடல்" பாட்டு. இரண்டு பட்டியலையும் ஒரே தட்டில் கேட்கலாம். அடுத்து ஹேங்க் வில்லியம்ஸ். 29 வயதில் காரின் பின்சீட்டில் இறந்துபோன மனிதர், சின்னச் சின்ன வார்த்தைகளில்தான் எழுதுவார். அவருக்குப் பையனாக இருந்தபோது கற்றுக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப் பாடகர். பிறகு லொரெட்டா, ரே சார்ல்ஸின் 1962 கன்ட்ரி ஆல்பம், கரோலினா சாக்லெட் டிராப்ஸ். கார்ட்டர் குடும்பத்தைக் கடைசியில் வையுங்கள். முதலில் கேட்டால் "என்ன ஒரே மாதிரி இருக்கிறது" என்று மூடிவிடுவீர்கள்.

யாழ்வானொலி:

பிள்ளை, நேரடியாகவும் கேட்கலாம். டபிள்யூ.எஸ்.எம். இணையத்தில் வருகிறது. நாஷ்வில்லில் சனி இரவு ஏழு மணிக்கு ஓப்ரி தொடங்கினால் உங்களுக்கு ஞாயிறு காலை 5:30. அங்கே குளிர்கால நேரம் என்றால் 6:30.

லோகோஷெட்:

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கா! நவம்பருக்கு அப்புறம் கேட்கிறேன் ஐயா.